தேவாலா தங்கச் சுரங்கங்கள்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் தேவாலா, பந்தலூர் ஊர்களைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டுக் கைவிடப்பட்ட சுரங்கங்கள். உதகையிலிருந்து இவற்றுக்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் மிக அழகான மலைப்பாதைகளில் ஒன்று. பைக்காராவின் புல்மேடுகளையும், 1860களில் அரசு சின்கோனா பயிரிட்ட நடுவட்டத்தையும் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் கூடலூருக்கு இறங்குகிறது. குளிர் விலகி மிளகும் பாக்கும் கண்ணில் படத் தொடங்கும். நாடுகாணியில் ஒரு கிளை நிலம்பூருக்கு இறங்க, மற்றது தேவாலாவை நோக்கித் திரும்புகிறது. தென்மேற்குப் பருவமழை முழு வேகத்தில் மோதும் இடம் இது. ஆடி மாதத்தில் எதிரே வரும் பேருந்துகூடத் தெரியாது.

இங்கே தங்கம் எடுத்தவர்களில் முன்னோடிகள் குறும்பரும் பணியரும். ஓடை மணலை மரத்தட்டில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். இலேசான மண் வழிந்தோடும். கனத்த கரு மணல் அடியில் நிற்கும். அதன் ஓரத்தில் மயிரிழையாக மஞ்சள் தெரிந்தால் அன்றைய உழைப்புக்குக் கூலி. 1830களிலேயே மலபார் நிர்வாகம் ஆளனுப்பி இதை ஆராய்ந்தது. மலபாரில் இருந்த இப்பகுதி 1877இல் நீலகிரியோடு இணைந்தது.

1870களில் ஆல்ஃபா நிறுவனம் வெண்கற்பாறையைக் குடையத் தொடங்கியது. பெரும் பரபரப்பு எழுந்தது 1879இல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரஃப் ஸ்மித்தை அரசு வரவழைத்தது. அவர் நம்பிக்கை தரும் அறிக்கை கொடுத்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் லண்டனில் 41 நிறுவனங்கள் பதிவாயின. அறிவித்த முதலீடு 50 லட்சம் பவுண்டு. பூச்சியாலும் இலைநோயாலும் நொடிந்துபோன காப்பித் தோட்டங்கள் தங்க நிலம் என்ற பெயரில் கொள்ளை விலைக்குக் கைமாறின. பங்குப் பணத்தில் பெரும்பகுதி பூமிக்குள் போகவே இல்லை. நிலம் விற்றவர்களின் பைக்குப் போனது.

தோல்விக்குக் காரணம் பாறையிலேயே இருந்தது. மழையும் வெயிலும் அரித்த மேல்பாறையில் கந்தகக் கனிமங்கள் சிதைந்து தங்கம் விடுபட்டுச் செறிந்திருந்தது. அங்கே எடுத்த மாதிரிகள் உயர்ந்த மதிப்பைக் காட்டின. ஆழம் போகப் போகத் தங்கம் மெலிந்தது. இருந்ததும் கந்தகக் கல்லில் சிக்கி, தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசத்தில் சேர மறுத்தது. ஆழத்தைச் சோதிக்கும் முன்பே இயந்திரங்களை மலையேற்றியது மன்னிக்க முடியாத அவசரம். 1882க்குள் பரபரப்பு அடங்கியது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. இதே காலத்தில் பிறந்த கோலார் தங்க வயல் மட்டும் ஆழத்தில் செழித்து 2001 வரை நீடித்தது.

சுரங்கம் ஒழிந்த மலைகளைத் தேயிலை மூடியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்காக அரசு இப்பகுதியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அதுவே பின்னர் டான்டீ நிறுவனமாயிற்று. பழைய குழிகளில் இன்றும் சிலர் திருட்டுத்தனமாக இறங்கிக் கல் உடைக்கிறார்கள். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உயிர்கள் போயிருக்கின்றன. உண்ணிச்செடி மூடிய சுரங்க வாய்களை நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். வருவோர் சாலையை விட்டு விலகித் தேடிச் செல்ல வேண்டாம்.