தேர்க்காலும் தீர்வையும்

தகடூரை ஆண்ட அதியமானின் பெருமையைப் பகைவருக்கு எடுத்துரைக்கும் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று இழைத்த ஒற்றைச் சக்கரத்தோடு அவனை ஒப்பிடுகிறார். அரிய ஊர்தியைப் புகழின் அளவுகோலாகக் கொள்ளும் மனம் நமக்குப் புதிதன்று என்பதற்குப் புறநானூறே சான்று.

அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதற்குக் கிழக்கே, சேலம் – சோலையார்பேட்டை இருப்புப்பாதையில் இருக்கிறது மொரப்பூர். அங்கிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலக் குறும்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1906இல். பஞ்சக்காலத்தில் உள்ளூர்களுக்குத் தானியம் கொண்டுசெல்வதற்கென்றே அரசு அமைத்த பாதைகளுள் அது ஒன்று. 1913இல் ஓசூர்வரை நீண்டது. அதே 1906இல்தான் இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பதிவாயிற்று. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு ஊர்திகள்: ஒன்று பசித்தவருக்காக, மற்றொன்று படைத்தவருக்காக.

சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று அறியப்படுபவர் கட்டட ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். அன்று கார் என்பது வணிகச் செல்வத்தின் அடையாளம். பின்னர் அந்த இடத்தைத் திரைப்புகழ் பிடித்துக்கொண்டது. மாடிவரை காரிலேயே ஏறிச் செல்லும்படி வீடு கட்டத் தொடங்கிய ஜே.பி.சந்திரபாபு, அந்த வீட்டையே இழந்தார். எம்.ஆர்.ராதாவோ தம் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்று இன்றும் கதை சொல்வார்கள். ஆடம்பரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத ஒருவரைப் பற்றி மக்கள் விரும்பிச் சொல்லும் கதை அது.

இந்தக் காதல் நீதிமன்றப் படியேறியது எங்ஙனம்? வெளியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வரும் மோட்டார் வாகனங்களுக்கு நுழைவு வரி விதிக்கும் சட்டம் 1990இல் வந்தது. நடிகர் விஜய் இங்கிலாந்திலிருந்து தருவித்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காருக்கு அவ்வரியை எதிர்த்து 2012இல் வழக்குத் தொடுத்தார். இறக்குமதிக் காரானாலும் நுழைவு வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாக்கியது. 2021 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் விஜய்யின் மனுவைத் தள்ளுபடி செய்து, கடுமையான சொற்களோடு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதே மாதம் அபராதத்தை நிறுத்திவைத்தது. அந்தச் சொற்கள் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன. நடிகர் தனுஷும் அத்தகைய வழக்கொன்றைத் தொடுத்திருந்தார். 2021 ஆகஸ்டில் அவர் எஞ்சிய 30.30 லட்சம் ரூபாயைச் செலுத்த வேண்டியதாயிற்று. பால்காரர்கூடப் பெட்ரோலுக்கு வரி செலுத்துகிறாரே என்பது அவ்வழக்கில் நீதிபதி எழுப்பிய கேள்வி.

இங்கே இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வரியை எதிர்த்து நீதிமன்றம் செல்வது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை. அதற்காக ஒருவரின் நேர்மையைப் பழிப்பது முறையன்று. ஆயினும் பால்காரரைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அவர் செலுத்தும் வரி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பத்தாண்டு வழக்காட அவருக்கு வழியும் இல்லை, வக்கீலும் இல்லை.

மொரப்பூரின் சிறு ரயில் 1941இல், போர்க்காலத்தில், நின்றுபோயிற்று. மீண்டும் தர்மபுரிக்குப் பாதை போட அடிக்கல் நாட்டப்பட்டது 2019இல். இடையில் கழிந்தவை எழுபத்தெட்டு ஆண்டுகள். அரிய காரின்மேல் கொள்ளும் ஆசை குற்றமன்று. அதியமான் காலத்திலிருந்தே அது நம்மோடு வருகிறது. ஆனால் அந்தக் கார் ஓடும் சாலையும், ஓடாமல் நின்றுபோன அந்த ரயிலும் பொதுப்பணத்தால் ஆனவை. வரி என்ற சொல்லுக்கு மொரப்பூரில் நின்று பொருள் தேடினால், அது ஒரு ரயில் பாதையாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.