வெள்ளீயம் போட்ட கடிவாளம்



புளிக்குழம்பு கொதிக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு நம் முன்னோர் ஈயம் பூசினார்கள். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள செம்பைக் கரைத்துக் களிம்பாக்கிவிடும். மெல்லிய ஈயப் பூச்சு அதைத் தடுத்துவிடும். மேற்பரப்பு மாறினால் அங்கு நிகழும் வேதிவினையும் மாறும் என்னும் பெரிய உண்மை இந்தச் சிறு வழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

பேச்சில் ஈயம் என்று சொன்னாலும் இது வெள்ளீயம், காரீயம் வேறு. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் எடுத்த வெள்ளீயத் தாது பினாங்கை வாழவைத்த செல்வங்களுள் ஒன்று. 1902-இல் பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி உருக்காலை தொடங்கியது. ஜார்ஜ் டவுனின் டத்தோ கெராமாட் சாலையில் ஒரு சீன வணிகர் நடத்திய உருக்காலை, 1907-இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியாயிற்று. தாதுவில் வெள்ளீயம் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கும். உலையில் கரி அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உலோகம் உருகி வழியும். உணவு டப்பாக்களின் இரும்புத் தகட்டுக்குப் பூச்சாக வெள்ளீயம் உலகெங்கும் வேண்டப்பட்டது.

இதற்கு முன்பே ஐரோப்பாவில் வேறொரு ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. 1823-இல் டோபரைனர் என்ற ஜெர்மானியர், பொடிப் பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜனைப் பாய்ச்சினால் அது காற்றில் தானே தீப்பற்றக் கண்டார். தான் செலவாகாமல் வினையைத் தூண்டும் இத்தகைய பொருளின் ஆற்றலுக்கு 1835-இல் பெர்சீலியஸ் பெயர் சூட்டினார். நாம் அப்பொருளை வினையூக்கி என்கிறோம். நிக்கலைக் கொண்டு கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனை ஏற்றிய சபாட்டியே, 1912-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் வினையைத் தூண்டினால் மட்டும் போதுமா? புரொப்பேன் வாயுவிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால், பிளாஸ்டிக்குக்கு வேண்டிய புரொப்பிலீன் கிடைக்கும். தனிப் பிளாட்டினமோ அத்துடன் நிற்பதில்லை. மூலக்கூறை மேலும் சிதைத்துக் கரியாக்கும். அக்கரி படிந்து தானும் செயலிழக்கும். பொருளும் வீண், விலையுயர்ந்த உலோகமும் வீண்!

இங்கேதான் வெள்ளீயம் உதவிக்கு வருகிறது. அதன் அணுக்கள் பிளாட்டின அணுக்களிடையே புகுந்து அவற்றைப் பிரித்து வைக்கின்றன. மூலக்கூறைச் சிதைக்கப் பல பிளாட்டின அணுக்கள் அருகருகே வேண்டும். அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. புரொப்பிலீனைப் பற்றும் பிடியும் தளர்வதால், அது சிதையுமுன் விலகிச் சென்றுவிடுகிறது. காரீயமும் இவ்வாறே பயன்படும். 1952-இல் லிண்ட்லர், பல்லேடியத்தைக் காரீயத்தால் மந்தப்படுத்தி, மும்மைப் பிணைப்பை இரட்டைப் பிணைப்போடு நிறுத்தும் வழியை வெளியிட்டார். வைட்டமின் ஏ தயாரிப்புக்கு அது துணையாயிற்று. உலோகப் பரப்பில் மூலக்கூறுகள் படிப்படியாக மாறும் விதத்தை விளக்கிய கெர்ஹார்ட் எர்ட்டிலுக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1985 அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தது. மலேசியச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. அவற்றை நம்பிய குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. ஓர் உலோகத்தின் விலையைச் சந்தை குறைக்கலாம். அதன் குணத்தைக் குறைக்க முடியாது. வினையைத் தொடங்குவது பாதி வேலை. வேண்டிய இடத்தில் நிறுத்துவது மறுபாதி. அந்த மறுபாதியை வெள்ளீயம் இன்றும் ஆலைகளில் செய்துகொண்டிருக்கிறது.