மெய்ப்பையும் மார்கழிக் குளிரும்



மாமல்லபுரத்துக்குச் செல்வோர் எல்லாரும் அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தின் முன் சற்றேனும் நின்று பார்ப்பர். ஏறக்குறைய 100 அடி நீளமும் 40 அடிக்கு மேல் உயரமும் உள்ள அப்பாறையில் பல்லவர் காலச் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டில் ஓர் உலகத்தையே செதுக்கி வைத்தார்கள். அதை அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவம் என்பார் சிலர். அந்த வழக்கில் இன்று நான் புகப்போவதில்லை. யானைகளையும், தவம் செய்வதாக நடிக்கும் பூனையையும் கண்டு மகிழ்ந்த பின்பு, நடுவிலுள்ள பிளவின் கீழ்ப்பகுதியைச் சிறிது உற்று நோக்குங்கள். ஆற்றில் நீராடிக் கரையேறிய ஒருவன், நனைந்த துணியை இரு கைகளாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருக்கிறான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவன் பிழிந்துகொண்டே இருக்கிறான். துணி இன்னும் உலரவில்லை!

அவனைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். மார்கழிக் காலையில் ஓடவும் நெடுந்தூரம் நடக்கவும் மலையேறவும் விரும்பும் இளைஞர் எத்தகைய முழுக்கைச் சட்டையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது வரலாற்றுப் பொருளா என்று நீங்கள் ஐயுறலாம். உடுப்புக்கும் வரலாறு உண்டு. அதிலும் செங்கற்பட்டுக் கடற்கரைக்கு உள்ள உடுப்பு வரலாறு சிறிதன்று.

பாறைச் சிற்பத்தில் காணும் வேடரும் முனிவரும் பெரும்பாலும் மேலாடை இன்றியே இருக்கின்றனர். ஆதிவராகக் குகையில் உள்ள பல்லவ மன்னரின் உருவங்களும் அப்படியே. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த கடற்கரையில் மார்பை மூடாமல் இருப்பது இயல்பு. அதில் குறைவு எதுவும் இல்லை. இதனால் நம் முன்னோர் சட்டை என்பதையே அறியாதவர் என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அது பிழை. பத்துப்பாட்டைப் படித்தவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து தொண்டைநாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. நம்முடைய மாவட்டமும் அந்தத் தொண்டைநாட்டில் அடங்கியதே. அந்நாட்டு வழிகளில் மலைப்பொருளும் கடற்பொருளும் கொண்டு செல்லும் வணிகரைப் புலவர் காட்டுகிறார். அவர்கள் காலில் செருப்பு அணிந்து, உடம்பில் ‘படம்’ புகுந்திருக்கிறார்கள். படம் என்பது சட்டை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலோ, கார்காலத்துப் பாசறையில் அரசனைக் காக்கும் யவன வீரர் ‘மெய்ப்பை’ அணிந்து நிற்கின்றனர். மெய்யை இட்டு வைக்கும் பை, மெய்ப்பை! இதைவிடப் பொருத்தமாகச் சட்டைக்கு யார் பெயரிட முடியும்? வீட்டில் இருப்பவனுக்கு வேண்டாத சட்டை, முள்ளும் வெயிலும் காற்றும் உள்ள நெடுவழியில் நடப்பவனுக்கு வேண்டியிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சட்டை முதலில் வழிநடைக்காரனின் கருவி. அழகுப் பொருளானது பிற்பாடு.

பல நூற்றாண்டுகள் கடந்து வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் என்ற ஊர் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அங்கே தங்கி வாணிகம் நடத்தினர். அவர்கள் கட்டிய செங்கற்கோட்டையின் சிதைவுகளை இன்றும் காணலாம். அந்தத் துறையிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் புகழ் பெற்றது மெல்லிய மஸ்லின் துணி. வடக்கே சென்னையில் 1639-இல் காலூன்றிய ஆங்கிலக் கம்பெனியார் ‘லாங்கிளாத்’ என்ற வெண்பருத்தித் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி அனுப்பினர். அது ஆங்கிலேயரின் சட்டைகளாயிற்று. வெற்றுடம்போடு தறியில் அமர்ந்த நெசவாளர், குளிர்நாட்டாரின் முழுக்கைக்குத் துணி நெய்தனர்.

பனியன் என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல் ஐரோப்பியர் வாயில் ‘பனியன்’ ஆயிற்று. நம் நாட்டு வணிகர் அணிந்ததைப் போன்ற தளர்ந்த மேலங்கியை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் தம் வீடுகளில் அணிந்தனர்; அதற்கும் அப்பெயரே நின்றது. அந்த அங்கிக்கு நீண்ட கைகள் உண்டு. காலப்போக்கில் அச்சொல் உள்ளாடையைக் குறிக்கலாயிற்று. நம்மிடம் திரும்பி வந்து சேர்ந்தபோது பெயர் இருந்தது, கைகளைத்தான் காணோம்!

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், மார்கழி மாதத்து விடுமுறை நாளொன்றில் மாணவரை நடைப்பயணம் அழைத்துச் சென்றேன். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விடியற்குளிர் ஆகாதென்று, எல்லாரும் தடித்த பருத்தியில் முழுக்கைச் சட்டை அணிந்து வரவேண்டும் என்று கட்டளையிட்டேன். ஒரு மாணவன் மட்டும் தன் அண்ணனுடைய பழைய கால்பந்துச் சட்டையை அணிந்து வந்தான். மெல்லிய பாலியெஸ்டர் துணி, முழுக்கை. “இது என்ன கோமாளி வேடம்?” என்று எல்லார் முன்னும் அவனைக் கடிந்துகொண்டேன். “வீட்டில் வேறு முழுக்கைச் சட்டை இல்லை, ஐயா” என்றான். அதற்குமேல் நான் பேசவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வழியில் தூறல் பிடித்தது. வேக நடையில் வியர்வையும் சேர்ந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி உச்சியை அடைந்தபோது, கீழே உணராத காற்று அங்கே வீசியது. சிறிது நேரம் அமர்ந்தோம். அவ்வளவில் மெலிந்த உடலுள்ள ஒரு சிறுவனுக்கு நடுக்கம் கண்டது. உதடு வெளுத்தது, பல் தந்தியடித்தது, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல அவனால் இயலவில்லை. அஞ்சிவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மலைக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை ஒருமுறை பார்த்தார். “முதல்ல அந்த ஈரச் சட்டையைக் கழட்டுங்க வாத்தியாரே” என்றார். கழற்றினோம். அவர் தம்மிடம் இருந்த உலர்ந்த துண்டால் பையனின் உடம்பைத் துவட்டிப் போர்த்திவிட்டார். அந்தச் சட்டையைப் பிழிந்தேன். படியில் நீர் ஓடிற்று. கால்மணி நேரத்தில் பையன் தெளிந்தான். கீழே இறங்கிச் சூடான சுக்குக் காப்பி குடித்தபின் சிரித்துப் பேசினான். கோமாளி வேடக்காரனோ குளிரே அறியாமல் மற்றவர் பைகளைச் சுமந்து கொண்டிருந்தான். அவன் சட்டை உடம்பிலேயே பெரும்பாலும் உலர்ந்துவிட்டிருந்தது.

பேருந்து ஏறி மாமல்லபுரம் சேர்ந்தோம். பாறைச் சிற்பத்தின் முன் நின்றபோது, “ஐயா, இவரும் நம்மைப் போலத்தான் சட்டையைப் பிழிகிறார்” என்று சுட்டிக்காட்டியவன், என்னிடம் கடிந்துரை கேட்ட அதே மாணவன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. நான் கேட்கவில்லை. சிற்பத்தின் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன்.

என் பிழை எங்கே இருந்தது? தடிப்பம் என்றால் வெப்பம் என்று எண்ணியதில்தான். உடம்பைக் காப்பது துணி மட்டும் அன்று. துணியின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றும் காக்கிறது. பருத்தி நீரை விரும்பும் பஞ்சு. நனைந்தால் அந்தக் காற்று இருந்த இடத்தையெல்லாம் நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்துவது. மேலும், தோலின்மேல் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 580 கலோரி அளவு வெப்பம் செலவாகிறது. அதில் பெரும்பங்கை நம் உடம்புதான் தருகிறது. ஓடும்போது இது தெரியாது, உள்ளே அடுப்பு எரிகிறது. ஓட்டத்தை நிறுத்திக் காற்றில் நின்றால்தான் தெரியும். சித்திரை வெயிலில் இதே குணம் பருத்தியின் பெருமை. ஈரத்தைப் பிடித்து வைத்து மெல்ல ஆற்றி உடம்பைக் குளிர்விக்கிறது. அதனால் அன்றோ இக்கடற்கரை பருத்தியைப் போற்றியது! சித்திரையில் நண்பனானது மார்கழிக் காற்றில் பகையாகிறது.

பாலியெஸ்டர் இழை நீரை உள்ளே ஏற்பதில்லை. உலர்ந்த பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8 விழுக்காடு ஈரம் வாங்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்காது. வியர்வை இழைகளின் மேலாகப் பரவி விரைவில் உலர்ந்துவிடும். 1941-இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் இதிலிருந்து டெரிலின் இழையைக் கண்டனர். அவர்கள் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் காலிகோ அச்சிடுவோர் சங்கம். காலிகோ என்பது கோழிக்கோட்டின் பெயரால் வழங்கிய நம் நாட்டுப் பருத்தித் துணி! பருத்திக்குப் போட்டி பருத்தியின் வீட்டிலேயே பிறந்தது. என் இளமையில் டெரிலின் சட்டை அணிந்தவர் ஊரில் ஒரு படி உயர்ந்தவராக எண்ணப்பட்டார். அக்காலத்து நெருக்கமான டெரிலின் நெசவு புழுங்கும். இன்று திருப்பூரில் பின்னப்படும் விளையாட்டுத் துணி நுண்ணிய கண்கள் உள்ளது, காற்று புகும். இரண்டையும் ஒன்றென எண்ணலாகாது.

கம்பளி வேறு இனம். மெல்லிய மெரினோ கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரம் ஏற்றும் நனைந்ததாகத் தோன்றாது. வெப்பத்தையும் முற்றும் இழக்காது. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999-இல் கண்டெடுக்கப்பட்டபோது, பட்டு, பருத்தி, கம்பளி எனப் பல மெல்லிய அடுக்குகளை அவர் அணிந்திருந்தது தெரிந்தது. 2006-இல் அதே போன்ற உடைகளைச் செய்து எவரெஸ்டிலேயே அணிந்து பார்த்தனர். ஏளனம் செய்யத்தக்கவையாக அவை இல்லை. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ நடைப்பயணம் போகும் மாணவர் ஒரே தடித்த சட்டைக்கு மாறாக இரண்டு மெல்லியவற்றை அணியலாம். செங்கற்பட்டு மார்கழி விடியலில் வெப்பம் 20 பாகையை ஒட்டி நிற்கும். இங்கே ஓடுவதற்கு மெல்லிய பின்னல் சட்டை ஒன்றே போதும். கம்பளி வீண் செலவு.

கடைக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்க்குமுன் உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். எந்த இழை எத்தனை விழுக்காடு என்று அதில் இருக்கும். பின்பு சட்டையை அணிந்து இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள். கை நுனி மணிக்கட்டை விட்டு வெகுதூரம் ஏறினாலும், இடுப்பு வெளியே தெரிந்தாலும், அந்தச் சட்டை ஓடுபவனுக்கு உரியதன்று. தோள் முனையில் தையல் இல்லாமல், கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்து வரும் தையலுள்ள கையை ராக்லன் கை என்பர். 1815-இல் வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்து, பின்னாளில் ராக்லன் பிரபு ஆனவரின் பெயரால் வந்தது அது. கையை வீசி ஓடுவதற்கும் தோளில் பை சுமப்பதற்கும் அதுவே நல்லது. உள்தையல்கள் தட்டையாக உள்ளனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பத்து நிமிட நடையில் தெரியாத தையல், பத்துக் கிலோமீட்டரில் தோலை அரித்துவிடும்.

முழுக்கை எதற்கு என்று கேட்கும் இளைஞர் நம் ஏரிக்கரைகளில் சீமைக் கருவேல முள்ளையும் கொசுவையும் சந்தித்தபின் கேட்கமாட்டார். வெயில் ஏறினால் முழங்கைவரை சுருட்டிவிடலாம். அரைக்கையை நீட்ட வழியில்லை. விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் ஓடுவோர் வெண்மையோ பளிச்சென்ற மஞ்சளோ அணிய வேண்டும். கருநிறம் அழகாயிருக்கலாம், லாரி ஓட்டுபவருக்குத் தெரியாது.

பாலியெஸ்டருக்கும் குறைகள் உண்டு. வியர்வை நாற்றம் அதில் எளிதில் தங்கும். அன்றன்றே துவைத்துவிட வேண்டும். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்; ஆகவே முகாமில் அடுப்பின் அருகே அமரும்போது பருத்திக்கு மாறிவிடுங்கள். துவைக்குந்தோறும் நுண்ணிய இழைத்துகள்கள் நீரில் கலக்கின்றன என்பதையும் இன்று அறிந்துள்ளோம். ஆண்டுக்கு நான்கு வாங்குவதைவிட ஒன்றை நான்காண்டு அணிவது மேல்.

அந்தக் கால்பந்துச் சட்டை மாணவனைச் சில ஆண்டுகளுக்குப் பின் செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்தில் கண்டேன். அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அவன் அதை மறந்தே போயிருந்தான்; “எந்தச் சட்டை, ஐயா?” என்று கேட்டான். இப்போது கொளவாய் ஏரிப்பக்கம் நான் காலையில் நடக்கச் செல்கையில் மெல்லிய முழுக்கைப் பின்னல் சட்டையொன்றை அணிகிறேன். தோள்பையில் உலர்ந்த பருத்தித் துண்டு ஒன்றும் எப்போதும் இருக்கும்.