எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?

ஜூலை பிறந்தால் தட்டாஞ்சாவடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிரெஞ்சு கேட்கும். பாரிஸ் அருகே வாழும் பெரியப்பா மகளான அக்காவின் குடும்பம் விடுமுறைக்கு வந்துவிடும். காலையில் அம்மா பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருவார். மாலையில் பெரியப்பா வரலாறு சொல்வார். அவருக்குப் பிடித்த கதை வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையுடையது. 1873-இல் ஐரோப்பியக் காலணி அணிந்து வந்ததற்காக நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டவர், பிரான்ஸ் வரை முறையிட்டு வென்றார்.

சென்ற ஆண்டு அக்காவின் மகள் கேட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. "தாத்தா, நம்ம குடும்பப் பேரு ஏன் பிரெஞ்சுல இருக்கு?"

"நாம பிரெஞ்சுக்காரங்கம்மா, அதான்" என்றார் பெரியப்பா. அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

புலம்பெயர் இலக்கியப் பாடத்துக்காக நான் படித்திருந்த அமெரிக்க யூதர்களின் கோடை முகாம்கள் அப்போது நினைவுக்கு வந்தன. 1941-இல் மசாத், 1947-இல் விஸ்கான்சினில் ராமா என்று தொடங்கிய முகாம்கள் அவை. வாரம் ஒருநாள் வகுப்பில் ஊட்ட முடியாததை, வீட்டைவிட்டு வந்து பல வாரம் ஒன்றாக வாழும் பிள்ளைகளுக்கு ஊட்டலாம் என்று ஆசிரியர்கள் கண்டுகொண்டார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஹீப்ரு பெயர், பேச்சு ஹீப்ரு, மாலையில் இஸ்ரேலிய நடனம். ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட காலத்தை ஒட்டி வளர்ந்த முகாம்கள் என்பதால், அந்தப் பாட்டிலும் ஆட்டத்திலும் உயிர்பிழைத்திருக்கும் தவிப்பும் இருந்தது. பார்த்திராத நாட்டைப் பிள்ளைகள் காதலிக்கக் கற்றார்கள்.

ஆனால் 1948-இல் அந்த நாடு பிறந்தபோது ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தது பல முகாம்களில் பாடமாகவில்லை. 2017-இல் 'இஃப் நாட் நௌ' என்ற இளம் யூதர் அமைப்பு, "நீங்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தியது. கேட்டவர்கள் வெளியாட்கள் அல்லர். அதே பள்ளிகளிலும் முகாம்களிலும் பாடி வளர்ந்த பிள்ளைகள்.

சொந்த ஊரைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேறு வழி உண்டா? கொச்சி யூதப் பெண்களிடம் அதற்கு ஒரு விடை இருக்கிறது. கல்யாணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடியவர்கள் அவர்கள். ஆண்கள் முன்னே பெண்கள் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே செல்லவில்லை. பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைமாற்றினார்கள். சியோன் மீதான ஏக்கமும் அந்த நோட்டுகளில் உண்டு. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறியபின் பாடம் திசைமாறியது. கேரளத்தில் இருந்துகொண்டு இஸ்ரேலைப் பாடியவர்கள், இஸ்ரேலில் பிறந்த பிள்ளைகளுக்குக் கேரளத்தைப் பாட வேண்டியதாயிற்று.

அவர்களில் ஒருவர் ரூபி டேனியல். 1912-இல் கொச்சியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படைப் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1951-இல் இஸ்ரேல் சென்று கிப்புட்ஸில் வாழ்ந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய நினைவு நூல் 1995-இல் வந்தது. பாட்டை மட்டும் அவர் பதியவில்லை. கொச்சி பரதேசி யூதக் கோயிலில், அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களுக்கு இருக்கை மறுக்கப்பட்டது. தரையில்தான் உட்கார வேண்டும். ரூபி அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். அவர்களில் வழக்கறிஞர் ஏ.பி. சேலம் கோயிலுக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். இழந்த ஊரின் இனிமையையும் அந்த ஊர் செய்த அவமானத்தையும் ரூபி ஒரே நூலில் வைத்தார். உண்மை தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஊர்மேல் பாசம் போய்விடும் என்று அவர் அஞ்சவில்லை.

நாம் அஞ்சுகிறோம். மொழியையும் பண்பாட்டையும் பிள்ளைகளுக்குக் கடத்தும் வேலை எப்போதும் பெண்களின் தலையில் விழுகிறது. எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டுப் பெரிய ஆண்கள் முடிவு செய்கிறார்கள்.

அன்றிரவு மொட்டைமாடியில் அவளிடம் சொன்னேன். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, இந்தியர் தம் சாதி மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வரலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் தேர்ந்து பதிய வேண்டும். அப்படித் துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். உன் முப்பாட்டனும் அவர்களில் ஒருவர். பழைய பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்பதால் புதுப் பெயர் எடுத்தார்.

"அவர் பொண்டாட்டி பேரு என்ன, சித்தி?"

எனக்குத் தெரியவில்லை. முப்பாட்டனின் பெயர் இருக்கும் காகிதத்தைப் பெரியப்பா சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். முப்பாட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

மறுநாள் நோட்டும் பேனாவுமாக அவள் அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். "பழசை எதுக்குக் கிளறணும்?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு, தன் பாட்டி பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து ஆரம்பித்தார். பெரியப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நோட்டில் பதினொரு பக்கம் நிரம்பியிருந்தது.