திருப்பதி திணறுதுப்பா!

பையன் ஒரு மாசமா திருப்பதி கட்டிக்கிட்டு இருக்கான். நிஜத் திருப்பதி இல்லீங்க, 2015ல் வந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' கம்ப்யூட்டர் விளையாட்டில். போன லீவுக்கு சித்தூர் போய் வந்ததிலிருந்து இந்தப் பைத்தியம். கீழே ஊர், மேலே மலை, நடுவில் ரெண்டு காட் ரோடு. ஜனத்தொகை ஏற ஏற, படம் விட்டு விட்டு நகர ஆரம்பிச்சிடுச்சு. "அப்பா, புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கித் தாங்க"ன்னு ஒரே நச்சரிப்பு.

வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பார்ப்போம்னேன். ரெசல்யூஷனைக் குறைச்சோம், வேகம் கூடலை. விளையாட்டை பாஸ் பண்ணிட்டு ஊரைச் சுத்திப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஆக, கார்டு மேல குத்தமில்லை. ஒவ்வொரு ஆளும் வண்டியும் எந்த வழியில போகணும்னு கணக்குப் போடுற பிராசஸர்தான் திணறுது. ஒரே நேரத்தில் 65,536 ஆட்கள், 16,384 வண்டிகள்னு அந்த விளையாட்டுக்கு உச்சவரம்பே உண்டு. 2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகத்தில் கதை தலைகீழ். வெளியான புதுசுல அங்கே திணறினது கிராஃபிக்ஸ் கார்டு. எல்லாத்துக்கும் ஒரே மருந்து கிடையாது.

அவனுக்குப் புரிய வைக்க நிஜத் திருப்பதி சரித்திரத்தையே எடுத்தேன்.

1843லிருந்து 1933 வரை கோயில் நிர்வாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள் கையில். மலைக்குப் போக நடை, இல்லேன்னா டோலி. அப்போ தடை, பாதைதான். 1932ல் சென்னை மாகாணம் தனிச்சட்டம் போட்டு, தேவஸ்தான நிர்வாகம் வந்தது. 1944ல் முதல் காட் ரோடு, 1970களில் இரண்டாவது. இப்போ புதுசுல ஏறி, பழசுல இறங்குறோம். பாதை சரியாச்சு, கூட்டம் கோயில் வாசலுக்கு வந்து நின்னுது. அதுக்காக வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ் கட்டினாங்க. காத்திருக்க இடம் பெருகிச்சே தவிர, சன்னதி வாசல் அகலமாகலை. ஆகவும் முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாளில் 20 மணி நேரம்னா 72,000 வினாடி. 72,000 பேர் வந்தா ஆளுக்கு ஒரே வினாடி! அதனாலதான் குலசேகரப் படிகிட்ட போய்ப் பார்த்த காலம் மாறி, தள்ளி நின்னு பார்க்கிற லகு தரிசனம், அப்புறம் இன்னும் தள்ளி மகா லகு.

1990களில் பாட்டியோட போயிருந்தேன். ராத்திரி முழுக்க கம்பார்ட்மெண்ட்டில் உட்கார்ந்து, விடியற்காலையில் உள்ளே போனோம். "ஜருகண்டி, ஜருகண்டி"ன்னு குரல், முதுகில் ஒரு கை, அவ்வளவுதான், வெளியே. "பார்த்தியாடா?"ன்னு கேட்டாங்க. "பார்த்தேன் பாட்டி, நீங்க?" "கும்பிடும்போது கண்ணை மூடிட்டேன்டா"ன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க மலை ஏறவே இல்லை.

மேலே நெரிசல் வேண்டாம்னு டோக்கனைக் கீழே ஊர்லயே கொடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல யோசனைதான். ஆனா நெரிசல் தீரலை, இடம் மாறிச்சு. 2025 ஜனவரி 8 ராத்திரி, வைகுண்ட ஏகாதசி டோக்கன் மறுநாள் காலையில்தான். முந்தின நாளே கூடி நின்ன கூட்டம், ஒரு கேட் திறந்ததும் முண்டியடிச்சுது. திருப்பதியில் 6 பேர் செத்துப் போனாங்க. தமிழ்நாட்டுக்காரங்களும் அதில் உண்டு.

ஒரு தடையை எடுத்தா அடுத்தது எங்கே முளைக்கும்னு முன்னாடியே பார்க்கணும். விளையாட்டில் அதைப் பார்க்கலேன்னா படம் நிக்கும். நிஜத்தில் மூச்சு நிக்கும்.

பையன் கொஞ்ச நேரம் பேசலை. கார்டும் கேட்கலை. மறுநாள் பார்த்தா மலையடிவாரத்தில் கார்களைக் குறைச்சு, பஸ் ஸ்டாண்டை நாலா பிரிச்சு வெச்சிருந்தான். "ஒரே இடத்தில எல்லாரும் நிக்கக் கூடாதுப்பா"ன்னான்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த ஒரு வினாடியில் கண்ணை மூடினது உண்டா? சொல்லுங்க.