நல்ல கட்டை பட்டணத்துக்கு, மிளாறு எங்களுக்கு



மார்கழிப் பனியில எங்க வீட்டுக் கொல்லையில வெந்நீர் அடுப்பு இன்னும் எரியுது. போன வாரம் பேரன் கேட்டான், "கேஸ்தான் இருக்கே தாத்தா, விறகு எதுக்கு?" அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்க எழுதுறேன்.

நாங்க மீஞ்சூர் பக்கம். கடலோர மணல் பூமி, நெல்லை விட சவுக்குதான் நல்லா வரும். ஆனா சவுக்கு இந்தக் கரைக்கு வெள்ளைக்காரன் காலத்துல வந்த மரம். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் ஓடிச்சு. ஆரம்பத்துல எஞ்சினுக்கும் விறகுதான் போட்டாங்க. பட்டணத்துல அத்தனை வீட்டு அடுப்புக்கும் விறகு வேணும். காட்டை மட்டும் வெட்டிக் கட்டுப்படி ஆகுமா? அதனால கரையோரம் பூரா சவுக்குத் தோப்பு போட்டாங்க. நாலஞ்சு வருஷத்துல வெட்டலாம், பச்சையா இருந்தாலும் எரியும்.

அதைக் கொண்டுபோக பக்கிங்காம் கால்வாய் இருந்துச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, கூவத்தையும் அடையாறையும் சேர்க்கிற துண்டைப் பசியில வாடின சனங்களே கூலிக்கு வெட்டினாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரையே கால்வாய்க்கு வெச்சாங்க. இன்னிக்கு ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும், பழவேற்காடு, எண்ணூர் வழியா படகுலதான் பட்டணம் போச்சு. காத்து அடிச்சா பாய் விரிப்பாங்க. இல்லேன்னா கரையில ஆளுங்க நடந்து கயிறு கட்டி இழுக்கணும். இறக்கின விறகு பட்டணத்து விறகுத் தொட்டிங்களுக்குப் போய், எடை போட்டு விக்கும்.

இதுல எங்க பங்கு என்ன தெரியுமா? உருண்டைக் கட்டை எல்லாம் விலைக்குப் போயிடும். வீட்டுக்கு மிஞ்சுறது மிளாறும் வேரும் எருமுட்டையும்தான். மிளாறு குபீர்னு எரிஞ்சு அணைஞ்சிடும், அப்புறம் புகைதான். ஊதாங்குழலை வெச்சு ஊதி ஊதியே எங்க அம்மாவுக்கு இருமல் நிக்கல. விறகு விளைவிச்ச வீட்டுலயே நல்ல விறகு கிடையாது.

மணலி சுத்திகரிப்பு ஆலை 1969ல ஓட ஆரம்பிச்சுது, எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல. பக்கத்துலயே கேஸும் கரண்டும் தயாராச்சு. ஆனா எங்க வீட்டு அடுப்படிக்கு கேஸ் வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கேஸ் வந்தப்புறம் ஆறே மாசத்துல அம்மாவோட இருமல் குறைஞ்சுது. அதனால "அந்தக் காலத்து விறகடுப்புச் சமையல்"னு யாராவது பெருமை பேசினா எனக்கு ஒப்பாது. ருசி சாப்பிட்டவங்களுக்கு, புகை அம்மாவுக்கு.

இப்போ சவுக்கு காகித ஆலைக்கும் கட்டட முட்டுக்கும் போவுது. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம், "மறுபடியும் அடுப்பு மூட்டலாமா"ன்னு வீட்டுல பேச்சு வரும். சமையலுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். வெந்நீர் அடுப்பு மட்டும் கொல்லையில, திறந்த வெளியில.

போன தடவை தோப்பு வெட்டினப்போ, ஒரு கட்டு நல்ல உருண்டைக் கட்டையை விக்காம வீட்டுக்குன்னு எடுத்து வெச்சேன். அம்மா இப்போ இல்லை. அவங்க எரிக்காத கட்டையிலதான் பேரனுக்கு வெந்நீர் கொதிக்குது.