மஅபர் கரையில் ஒரு பயணம்: கடலோடியவர்களும் கரையில் இருந்தவர்களும்

அரபு வணிகர்களும் புவியியல் அறிஞர்களும் நம் கிழக்குக் கரைக்கு ‘மஅபர்’ என்று பெயரிட்டிருந்தார்கள். கடந்து செல்லும் இடம் என்பது அதன் பொருள். கப்பலில் வந்து கப்பலில் போகிறவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் கடவையிலேயே வீடு கட்டி, பள்ளிவாசல் எழுப்பி, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. பரங்கிப்பேட்டையிலிருந்து காயல்பட்டினம் வரை இன்று நாம் காணும் முஸ்லிம் ஊர்கள் பலவும் அக்குடும்பங்களின் ஊர்களே.

அல்லாஹ்வின் அருளால் இவ்வாண்டு மதரஸா விடுமுறையில் அந்தக் கரையை நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காரில் சென்று பார்த்து வந்தோம். பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டிருந்தோம். நான்கு நாள் பயணம், நல்ல வெயில். காலை பத்து மணிக்குமேல் உப்பளங்களைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. கணவனும் மனைவியும் ஊர் பார்க்கப் புறப்படுவதைச் சற்றுக் குறைவாக எண்ணுவோர் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். பயணம் புறப்படும்போது நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள் என்பது ஆதாரமான செய்தி. ஒரு பயணத்தில் உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும் ஹதீஸில் உள்ளது. முதல்முறை வென்றவர் அன்னை அவர்கள்.

பரங்கிப்பேட்டையில் தொடங்கினோம். போர்ச்சுக்கீசியர் இதற்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதியது இங்கேதான். அந்தப் போரைப் பாடநூல்கள் சொல்கின்றன. நமக்கு இவ்வூர் முக்கியமாவது வேறொரு காரணத்தால். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட முனைந்தபோது, நபிகளாரின் வரலாற்றுச் செய்திகளை அரபியிலிருந்து எடுத்து அவருக்கு விளக்கியவர் இவ்வூர் லெப்பை அலி ஹாஜியார் என்பது வழிவழிச் செய்தி. புரவலராயிருந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி மறைந்தபின், நூல் நிறைவேறத் துணைநின்ற அபுல் காசிம் மரைக்காயரும் பரங்கிப்பேட்டைக்காரர். 5,027 பாடல்கள் கொண்ட காப்பியம் ஒன்று எட்டயபுரத்துப் புலவரின் நாவிலும், கீழக்கரை வணிகரின் செல்வத்திலும், பரங்கிப்பேட்டை ஆலிமின் கல்வியிலும் உருவாகியிருக்கிறது. இம்மூன்று ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் காரில் கடக்கும்போதுதான் அதன் அருமை புரிகிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது இவ்வூர் ஜமாஅத்தார் பக்கத்து மீனவக் கிராமங்களின் மக்களுக்கு இடம் கொடுத்துச் சோறாக்கிப் போட்டார்கள். அதை வட்டார மக்கள் இன்றும் சொல்கிறார்கள். எத்தனையோ பானைகளில் சோறு பொங்கியிருக்கும்.

நாகூரில் அதிகம் தங்கவில்லை. தர்கா வழக்கங்கள் குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை வாசகர்கள் அறிவார்கள். இங்கே அது பேச்சன்று. வரலாறாகக் காண வேண்டியவை இரண்டு. ஒன்று, 131 அடி உயரமுள்ள பெரிய மனாரா. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டுவித்தது. இந்து மன்னர் ஒருவர் எழுப்பிய அந்த மனாரா, கடலில் வரும் கப்பலுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாயிற்று. மற்றொன்றை நாகூரில் காண முடியாது. அது சிங்கப்பூரில் இருக்கிறது. தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் இக்கரையிலிருந்து சென்றோர் நாகூர் தர்காவின் சாயலில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். பினாங்கிலும் ஒன்றுண்டு. ஊர் நினைவு வந்தபோது ஆண்கள் அங்கே மனாரா கட்டிக்கொண்டார்கள்.

அந்த மனாராவின் அடியில் நின்றபோதுதான் எங்கள் பயணத்தின் கேள்வி பிறந்தது. இல்லாள் கேட்டார்: “இவங்க அங்க கட்டிக்கிட்டாங்க. இங்க வீட்ல இருந்தவங்களுக்கு என்ன இருந்துச்சு?” கரையோர வரலாறு என்று நாம் மதரஸாவில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் மரைக்காயர்கள், மாலுமிகள், முத்து வணிகர்கள், ஆலிம்கள் ஆகியோரின் வரலாறு. மரைக்காயர் என்ற சொல்லுக்கே மரக்கலத்தை வேராகக் காட்டுவோரும், கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. எப்படியாயினும் கப்பல்தான். கப்பல் போனபின் கரையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு பாடமும் நம்மிடம் இல்லை.

அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி என்று சாலை தெற்கே இறங்குகிறது. அடுத்தநாள் இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில் வேதாளையைப் பார்த்தோம். 1538இல் பட்டு மரைக்காயரும் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையினரும் இங்கே போர்ச்சுக்கீசியரிடம் தோற்றார்கள். முத்துக்குளித்துறை முஸ்லிம் வணிகரின் கையைவிட்டு நழுவியதில் அந்தத் தோல்விக்குப் பெரும் பங்குண்டு. இன்று அங்கே வலை உலர்த்துகிறார்கள். போர் நடந்த இடமென்று சொல்லும் ஓர் அடையாளமும் எங்கள் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் பெரியபட்டினம். இப்னு பதூதா (ரஹ்) 1340களில் கண்டு எழுதிய ‘பத்தன்’ இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இங்கே கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. துறையில் பெரிய மரத்தூண்கள்மேல் எழுப்பிய மண்டபம், கல்லாலான அழகிய பள்ளிவாசல், திராட்சையும் மாதுளையும் விளைந்த தோட்டங்கள் ஆகியவற்றை அவர் குறிப்பிடுகிறார். பழக்கிய சிங்கத்துடன் ஒரு ஃபக்கீரையும் கண்டிருக்கிறார். அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மான் அஞ்சாமல் நின்றதாம்.

இப்னு பதூதாவை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். அவர் உண்மையை மறைக்காதவர் என்பதும் அப்பெருமைக்குக் காரணம். மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருடைய சகலர். இருவரும் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். அவ்வுறவு இருந்தும், போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையை அவர் வெறுப்புடன் பதிவு செய்தார். அதற்காகவே அல்லாஹ் அவரை விரைவில் பிடித்தான் என்றும் எழுதினார். நம்மவர் ஆட்சி என்பதற்காக அநீதியை மூடிவைக்க வேண்டியதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இந்தப் பக்கத்தைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைத்ததில்லை.

அவரே தம்மைப் பற்றியும் மறைக்கவில்லை. மஅபருக்கு வருமுன் மாலத்தீவில் காஸியாக இருந்தார். அங்கே பல பெண்களை மணந்தார். புறப்படுகையில் தலாக் சொன்னார். கப்பலில் வருவோர் அத்தீவுகளில் மணம் முடிப்பதும், பாய் விரிக்கும் நாளில் விட்டுப் பிரிவதும் வழக்கமென்றும், அப்பெண்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதே இல்லை என்றும் சாதாரணமாக எழுதிச் செல்கிறார். இந்தப் பகுதியைக் காரில் வாசித்துக் காட்டியபோது இல்லாள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெண்களில் ஒருத்தி எழுதியிருந்தால் பயண நூல் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார்.

பாய்மரக் காலத்தில் போனவர் நினைத்த நாளில் திரும்ப இயலாது. காற்று மாறும்வரை அயல்துறையில் காத்திருக்க வேண்டும். ஒரு வணிகப் பயணம் மாதக்கணக்கில் நீளும். இதைப் பற்றி மார்க்கத்தில் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவில் வலம் வருகையில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் தனிமையில் கவி பாடுவதைக் கேட்டார்கள். மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என்று வினவினார்கள். வெட்கத்துடன் கிடைத்த விடையை வைத்து, படைவீரர் அதற்குமேல் மனைவியைப் பிரிந்திருக்கலாகாது என்று ஆணையிட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஒரு பேரரசின் படை நிர்வாகம், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் துயரத்தைக் கேட்டு மாறியது. இரண்டு ஆண்டுக்கொருமுறை விடுப்பில் வரும் நம் சகோதரர்களிடம் இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அவர்கள் தலைகுனிவதைக் கண்டிருக்கிறோம். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. விசாவும் கடனும் அப்படி அமைந்துவிடுகின்றன. ஆயினும் செலவைச் சுருக்கிச் சீக்கிரம் திரும்ப வழியிருந்தும், இன்னொரு மாடி எழுப்புவதற்காக இன்னொரு இரண்டாண்டு என்று நீட்டுவது வேறு.

கீழக்கரையில் பழைய ஜும்ஆ பள்ளிவாசலைப் பார்க்காமல் வரக்கூடாது. கோயில் மண்டபம் போலவே கல்தூண்களும் உத்தரங்களும். ஆனால் உருவங்கள் இல்லை, பூவும் கொடியுமே உண்டு. உள்ளூர்க் கல்தச்சர்களின் உளி அது. ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்), 19ஆம் நூற்றாண்டின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) ஆகியோரின் ஊர் என்பதால் அரபுத்தமிழ் நூல்களின் தலைநகரம் என்றே இதைச் சொல்லலாம்.

அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அதை அமைத்தார்கள். இதை ஆலிம்களின் கலை என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் அதனால் பெரிதும் பயன்பெற்றவர்கள் பெண்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண்ணும் வீட்டிலோ தைக்காவிலோ குர்ஆன் ஓதக் கற்றிருந்தாள். அந்த எழுத்தறிவே தொழுகைச் சட்டமும் நபிகளாரின் வரலாறும் படிக்க அவளுக்குப் போதுமானதாயிற்று. கணவனின் கடிதத்தைப் பிறர் உதவியின்றிப் படிக்கவும் உதவியது. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா (1868–1948) போன்ற ஞானப் பெண்கவிஞர் இந்தச் சூழலிலிருந்தே தோன்றினார்.

இதை நாங்கள் உணர்ந்தது ஒரு வீட்டில். எங்களில் ஒருவருக்கே உள்ளே செல்ல இயலும். மற்றவர் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தார். வீட்டின் மூத்த உம்மா, “வாம்மா, உள்ள வா” என்று இல்லாளை அழைத்துத் தொதல் கொடுத்து, பழுப்பேறிய ஓர் அச்சு நூலை எடுத்துக் காட்டியிருக்கிறார். அரபுத்தமிழ் நூல். உம்மா தங்குதடையின்றி வாசித்தாராம். இல்லாளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். முதல் வரி புதிராக இருந்தது, நான்காம் வரியில் தமிழ் கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டுப் பேத்திகள் கல்லூரியில் படிக்கிறார்கள், குர்ஆனும் ஓதுகிறார்கள். ஆனால் இந்நூலை ஒருவரும் தொடுவதில்லை. புள்ளிகளின் ஒலிகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும். வரும் கல்வியாண்டில் எங்கள் மதரஸாவின் பெண்கள் வகுப்பில் வாரம் ஒரு மணிநேரம் இதற்கென ஒதுக்க முடிவு செய்திருக்கிறோம். நடத்தப் போகிறவர் இல்லாள்.

கடைசி நாள் தூத்துக்குடியைக் கடந்து பழையகாயல். மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட ‘காயல்’ இப்பகுதியே. ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் ஏற்றிய கப்பல்கள் இங்கு வந்தன. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்பினார் என்றும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை என்றும், வழியில் செத்த குதிரைக்கும் பாண்டிய மன்னரின் கருவூலமே பணம் கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசின் அமைச்சராக விளங்கினார். அத்தனை செல்வம் இறங்கிய துறையைத் தாமிரபரணியின் வண்டல் மூடிவிட்டது. அதற்கும் முன்பு முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை இன்று வயல்களின் நடுவே கிடக்கிறது. கடல் விலக விலக ஊர்கள் அதன் பின்னாலேயே நகர்ந்திருக்கின்றன.

காயல்பட்டினத்தில் திருமணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலும் இவ்வழக்கம் உண்டு. கடலோடும் ஆண்களின் ஊரில், கப்பல் திரும்பாவிட்டாலும் பெண் தன் உம்மாவுடனும் ராத்தாவுடனும் தன் சொந்தக் கூரையின்கீழ் இருப்பாள் என்ற பாதுகாப்பே இதன் பயன் என்று அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கரையில் இருந்தவர்களுக்கு என்ன இருந்தது என்று இல்லாள் நாகூரில் கேட்ட கேள்விக்கு விடையாக இதைத்தான் சொல்ல முடியும். வீடுகளின் பின்புறம் பெண்கள் மட்டும் நடமாடும் முடுக்குகள் இருக்கின்றன. அவற்றின் வழியே ஆண்கள் நடக்கும் தெருவைத் தொடாமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சென்றுவிடலாம்.

இவ்வழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்கு மகள்களைப் பெற்ற வாப்பா நான்கு வீடு கட்டியாக வேண்டும் என்பது இன்று எத்தனை குடும்பங்களை முறிக்கிறது! அந்த வீட்டைக் கட்டவே அவர் வளைகுடாவில் இருக்கிறார். மகளைக் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு வாப்பாவை மகளிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது. மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை வீட்டார், வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பதற்கு ஃபிக்ஹில் எந்த இடமும் இல்லை.

அஸர் தொழுதுவிட்டுக் காயல்பட்டினம் கடற்கரைக்குச் சென்றோம். வெயில் தணிந்திருந்தது. கரையெங்கும் குடும்பங்கள், ஒருபக்கம் பெண்கள் வட்டமாக அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். விடுப்பில் வந்தவர் போலத் தோன்றிய ஓர் இளைஞர் தம் மனைவிக்குக் கைநீட்டிக் கடலில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நாங்களும் அத்திசையில் பார்த்தோம். வெகுதூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தூத்துக்குடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மஃரிபுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்ததால் மணலில் அமர்ந்துவிட்டோம்.